பி-கேஷும் அந்த 4 எம்பி வரம்பும்

மூன்று வாரம் மல்லுக்கட்டியதற்கு நேற்று ராத்திரி பலன் கிடைத்தது. அம்மா டிவியில் தங்கை கல்யாண ஆல்பத்தைத் திறந்து, படம் படமாகத் தள்ளிக்கொண்டே போனார். ஓர் இடத்தில்கூட லோட் ஆகும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கவில்லை. "இப்ப நல்லா ஓடுதுடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்.

படங்கள் இருப்பது பெங்களூர் அல்சூர் வீட்டில் அலமாரிக்குள் ஓடும் பழைய டெஸ்க்டாப்பில். 4 டிபி ஹார்ட் டிஸ்க், முன்னால் வேகமான 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, நடுவில் லினக்ஸ் பி-கேஷ் (அடிக்கடி படிப்பதை எஸ்எஸ்டியில் பிரதி வைத்து வேகமாகக் கொடுக்கும் மென்பொருள்), ரைட்-த்ரூ மோட் (எழுதுவது எஸ்எஸ்டியோடு டிஸ்க்கிலும் உடனே போய்விடும்). டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி, பழைய ஃபைல் சிஸ்டத்தின் அடையாளங்களைத் துடைத்து, மேக்-பிகேஷ் கட்டளை போட்டது வரை பி-கேஷ் அமைக்கும் எல்லாரும் செய்வதுதான். வாசல் கேமராவின் பதிவும் அதே டிஸ்க்கில்தான் போகிறது. 7200 ஆர்பிஎம் தட்டு அரைச் சுற்று சுற்றவே 4.17 மில்லி செகண்ட் ஆகும். அதற்கு மேல் ஹெட் நகரும் நேரம் வேறு. கேமராவுக்கும் போட்டோவுக்கும் மாறி மாறி ஓடினால் டிஸ்க் என்னதான் செய்யும்?

என்னை ஏமாற்றியது ஹிட் ரேஷியோ, அதாவது கேட்டதில் எத்தனை சதவீதம் கேஷிலேயே கிடைத்தது என்ற கணக்கு. முதல் வாரமே 70ஐத் தாண்டிவிட்டது, ஆனால் படங்கள் மட்டும் பழையபடி திணறின. எஸ்எஸ்டி சரியில்லை என்று நினைத்து கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் ஸ்டாட்ஸ் ஃபோல்டரில் 'பைபாஸ்டு' என்ற எண்ணைக் கவனித்தேன். கேஷைத் தொடாமல் நேராக டிஸ்க்குக்குப் போன போக்குவரத்து அது. ஹிட் ரேஷியோ கணக்கில் அது சேரவே சேராது. ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த எண் மளமளவென்று ஏறியது.

காரணம் சீக்வென்ஷியல் கட்-ஆஃப். இயல்பாக 4 எம்பி. பி-கேஷ் கடைசி 128 கோரிக்கைகளை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரே வரிசையில் வரும் படிப்பு 4 எம்பியைத் தாண்டியதும் "இது பெரிய ஃபைல், டிஸ்க்கே பார்த்துக்கொள்ளட்டும்" என்று விட்டுவிடும். சினிமா ஃபைலுக்கு நல்ல முடிவு அது. ஆனால் கல்யாண போட்டோகிராபர் கொடுத்த படங்கள் ஒவ்வொன்றும் 8 முதல் 10 எம்பி. முதல் பாதி எஸ்எஸ்டியிலிருந்து பறந்து வரும், மீதிப் பாதிக்கு டிஸ்க்கின் வாசலில் காத்திருக்க வேண்டும்!

வரம்பை 0 ஆக்கினால் எல்லாமே கேஷுக்குள் வந்துவிடும். அது எனக்கு ஆகாது. கேமராவின் பதிவுகள் உள்ளே வந்து போட்டோக்களை வெளியே தள்ளிவிடும். 16 எம்பி வைத்தேன். படங்கள் முழுதாக உள்ளே, கேமராவின் நீளமான கிளிப்புகள் பெரும்பாலும் வெளியே.

அப்படியும் பைபாஸ் முழுக்க அடங்கவில்லை. இரண்டாவது குற்றவாளி கன்ஜெஸ்டெட் த்ரெஷோல்டு. எஸ்எஸ்டியின் பதில் படிப்பில் 2,000 மைக்ரோ செகண்டைத் தாண்டினால் கேஷுக்கு நெரிசல் என்று முடிவுகட்டி டிஸ்க் பக்கம் திருப்பிவிடும். என் எஸ்எஸ்டி டிராம் (தனி வேக நினைவகம்) இல்லாத மலிவு ரகம், எழுதும்போது அடிக்கடி மூச்சு வாங்கும். ஆனால் எனக்கு இருப்பது ஒரே டிஸ்க். எவ்வளவு மூச்சு வாங்கினாலும் எஸ்எஸ்டிதான் வேகம். படிப்பு, எழுத்து இரண்டு த்ரெஷோல்டையும் 0 ஆக்கிவிட்டேன். அன்று மாலையே வித்தியாசம் கண்ணில் தெரிந்தது.

அந்த எஸ்எஸ்டியை எஸ்பி ரோடு கம்ப்யூட்டர் சந்தையில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அங்கே வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் எஸ்எஸ்டி தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து ஓடிய மணிநேரத்தையும் எழுதிய அளவையும் பார்த்துவிடுங்கள். நல்ல கடைக்காரர் தானே லேப்டாப்பில் செருகிக் காட்டுவார். அடுத்து இன்டெலின் 16 ஜிபி ஆப்டேன் (ஒரு வகை வேகமான சேமிப்பு) இரண்டு தேடுகிறேன். 2022லேயே இன்டெல் ஆப்டேன் தொழிலை மூட முடிவெடுத்துவிட்டது, கிடைப்பது பழையதுதான். இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி மிரர் செய்து, ரைட்-பேக் (முதலில் கேஷில் மட்டும் எழுதி, டிஸ்க்குக்குப் பிறகு அனுப்பும் மோட்) போட ஆசை. ஒரே எஸ்எஸ்டியில் ரைட்-பேக் போட எனக்குத் துணிச்சல் இல்லை. டிஸ்க்குக்கு இன்னும் போகாத டேட்டா அதில் மட்டும்தான் இருக்கும். எஸ்எஸ்டி செத்தால் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்து போகும்.

சரி, கடைசிச் சிக்கலுக்கு வருகிறேன். போன செவ்வாய் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது. பார்த்தால் கட்-ஆஃப் மறுபடி 4.0எம். கேஷ் மோட் டிஸ்க்கின் தலைப்பகுதியான சூப்பர் பிளாக்கில் எழுதப்படும், அது நிலைக்கும். இந்த எண்கள் எல்லாம் ரீபூட்டில் போய்விடும். பூட்டில் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பி-கேஷ் டிவைஸ் உருவாகும் முன்னே அது ஓடி முடிந்துவிட்டது. கடைசியில், டிவைஸ் தோன்றியதும் லினக்ஸ் தானாகச் செயல்படுத்தும் யூடெவ் ரூல்தான் கைகொடுத்தது: பி-கேஷ் டிவைஸான பிகேஷ்0 எழுந்ததும் மூன்று மதிப்பையும் அதுவே போட்டுவிடும்.

இன்று காலை வேண்டுமென்றே இரண்டு முறை ரீபூட் செய்து பார்த்தேன். இரண்டு முறையும் 16.0எம்.