பட்டா நிலத்துக் கற்பூர மரமும் கலெக்டர் அனுமதியும்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு மேல்புறச் சரிவில், எங்கள் நிலத்திலேயே மூன்று பெரிய கற்பூர மரங்கள், அதாவது யூகலிப்டஸ் மரங்கள், சாய்ந்து நின்றன. ஐப்பசி மழையில் மண் இளகினால் நேரே சமையலறை மேல்தான் விழும். சொந்த நிலம்தானே, ஆள் கூப்பிட்டு அறுத்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். நீலகிரியில் அப்படிச் செய்ய முடியாது. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரத்துக்கும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும்; அந்தக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர்.

மனுவோடு பட்டா, சிட்டா, அடங்கல், நில வரைபடம், போட்டோ எல்லாம் வைத்தோம். போட்டோவில் மரமும் வீடும் சேர்ந்து தெரிய வேண்டும், அப்போதுதான் ஆபத்து புரியும். எங்களுக்கு நாள் இழுத்தது பட்டாவால்தான். அப்பா காலமான பிறகும் அது அவர் பேரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மாவும் அக்காவும் சம்மதக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மனு நகர்ந்தது. அதனால் மரத்தைப் பார்ப்பதற்கு முன் பட்டாவைப் பாருங்கள்.

அப்புறம் வி.ஏ.ஓ. வந்து எல்லை பார்த்தார். வனத்துறையினர் வந்து மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுத்து மரங்களுக்கு நம்பர் போட்டார்கள். பக்கத்தில் நின்ற விக்கி மரத்தையும் சேர்த்துக் கேளேன் என்று ஒருவர் சொன்னார், முடியாது என்றுவிட்டேன். கற்பூரம் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டது, சீக்கிரம் வளர்ந்துவிடும். விக்கி இந்த மண்ணின் சோலை மரம், அது இந்த அளவுக்கு வர ஒரு தலைமுறை ஆகும்.

நம்பர் போட்டதை மட்டும், சொன்ன தேதிக்குள் வெட்ட வேண்டும், பதிலுக்கு நாட்டு மரக்கன்றுகள் நட வேண்டும் என்று அனுமதி வந்தது. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திவிட்டு, மேலிருந்து கிளை கிளையாக இறக்கினார்கள். கட்டையை லாரியில் வெளியே கொண்டுபோவதாக இருந்தால் பாஸ் வேண்டுமா என்று அளக்க வருகிற அன்றே கேட்டுவிடுங்கள்.

நடுவதைப் பலர் பேருக்குச் செய்கிறார்கள், எனக்கு அது வருத்தம். நாவல், செண்பகம், விக்கி வைத்தோம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கைகொடுக்கும், அதற்கு முன்னால் நட்டால் வேர் பிடித்துவிடும். மார்கழி, தையில் உறைபனி விழும் பள்ளமென்றால் காய்ந்த பெரணியால் மூடுங்கள், காட்டெருமை வரும் வழியென்றால் வேலி போடுங்கள். கற்பூர அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காதீர்கள், சரிவில் மண் போய்விடும். துளிர் வர வர ஒடித்துக்கொண்டே இருந்தால் போதும்.