தொடை வலியும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும்

அம்மாவின் வலது தொடையில் இரண்டு மாதமாக இருந்த வலியை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தின் மிச்சம் என்றே எண்ணியிருந்தோம். சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியபோது, கீழே விழாமலேயே, அந்தத் தொடையெலும்பு முறிந்தது.

ஒன்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் வெறும் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீருடன், எலும்பு மெலிவுக்கான அலென்ட்ரோனேட் மாத்திரையை விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருப்பார். இன்னும் எத்தனை ஆண்டு என்பதைப் பற்றி கிளினிக்கில் ஒருவரும் பேசியதில்லை.

எலும்பைக் கரைக்கும் செல்களை இம்மருந்து அடக்குகிறது. நீண்ட காலம் உட்கொண்டால் நுண்விரிசல்கள் ஆறுவதும் மந்தமாகி, அரிதாகச் சிலருக்கு இத்தகைய முறிவு நேர்கிறது. அமெரிக்காவில் 1995இல் ஃபோசமாக்ஸ் என்ற பெயரில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தின் எச்சரிக்கைகளில், இவ்வகை முறிவு 2011இல்தான் சேர்க்கப்பட்டது. முறிவுக்கு ஆளான 500க்கும் மேற்பட்டோர், இதைத் தயாரித்த மெர்க் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தான் முன்வைத்த எச்சரிக்கை வாசகத்தை, மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க ஆணையம் 2009இல் ஏற்கவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. ஆணையம் உண்மையிலேயே தடுத்ததா என்பதை நடுவர் குழு அல்ல, நீதிபதியே தீர்மானிக்க வேண்டும் என 2019இல் தீர்ப்பானது.

பலரை இடுப்பு முறிவிலிருந்து காப்பதும் இதே மருந்துதான். யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் உழைத்த நம் அம்மாக்கள் இதைப் பல ஆண்டுகளாக உட்கொண்டுவந்தால், புதிதாகத் தொடை வலி வரும்போது எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தாடையெலும்பும் அரிதாகப் பாதிக்கப்படுவதால், பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடமும் தெரிவியுங்கள்.