லோட்டோவின் கல்யாணப் படம்: நுகத்தடி வரை வந்தாயிற்று

இத்தாலிய ஓவியர் லொரென்சோ லோட்டோ 1523இல் வடஇத்தாலியின் பெர்கமோவில் தீட்டிய மார்சிலியோ, ஃபௌஸ்தினா தம்பதியின் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். மூலம் ஸ்பெயினில், மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 71 × 84 செ.மீ. நான் பாதி அளவு கேன்வாஸில், எண்ணெய் வண்ணத்தில் செய்கிறேன். பிராதோ இணையதளத்தில் இருக்கும் படமே போதும். பெரிதாக்கினால் முத்துமாலையின் மேல் விழும் வெளிச்சம்கூடத் தெரிகிறது.

பார்க்காதவர்களுக்கு: மாப்பிள்ளை மார்சிலியோ கஸ்ஸோட்டி, பெண்ணின் விரலில் மோதிரம் போடப் போகிறான். இருவருக்கும் பின்னால் சிறகு விரித்தபடி குட்டி க்யூபிட், ரோமானியர்களின் காதல் தெய்வம். அவன் இரண்டு பேர் தோளிலும் சேர்த்து ஒரு நுகத்தடியை வைக்கிறான். வைத்துக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு.

கோட்டு வேலை, அம்பர் என்ற மண் பழுப்பு வண்ணத்தில் நிழல் வேலை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மோதிரமும் கைகளும் முதலில் சரியாக உட்கார்ந்துவிட்டால் மீதி உடம்புகள் தாமாக இடம் பிடித்துக்கொள்கின்றன.

சிவப்பு உடைதான் நேரத்தைத் தின்றது. கேட்மியம் சிவப்பில் வெள்ளை கலந்து மடிப்புகளின் மேடுகளைப் போட்டேன். பள்ளங்களுக்குப் பழுப்பு. நன்றாகக் காய்ந்த பிறகு, ஆளிவிதை எண்ணெயில் கரைத்த அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பை மெல்லிசாக மேலே ஓட்டினேன். பழைய வகை அலிசரின் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் என்பதால் 'பெர்மனன்ட்' என்று போட்டிருப்பதை வாங்கிக்கொண்டேன். ஒரு பூச்சில் துணி மாதிரிதான் இருந்தது. இரண்டாவது பூச்சு காய்ந்ததும் பட்டாகிவிட்டது. அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

லோட்டோவும் இந்த இடத்தில்தான் உழைத்திருக்கிறார். படத்தை வரையச் சொன்னது மாப்பிள்ளையின் அப்பா ஸானின். அவருக்குக் கொடுத்த கணக்கில் லோட்டோ இதற்கு 30 டுகாட் (அந்தக் காலத் தங்கக் காசு) போட்டு, காரணமாக எழுதியிருப்பது பட்டு உடை, தலை அலங்காரம், கழுத்துச் சங்கிலிகள் ஆகியவற்றை அச்சாகக் கொண்டுவரும் வேலையை. கைக்கு வந்தது 20 டுகாட்தான். க்யூபிட்டைப் பற்றி 'அந்தக் குட்டி க்யூபிட்டும் சேர்த்து' என்கிற தோரணையில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். இன்று எல்லோரும் அர்த்தம் சொல்லும் பாத்திரத்துக்குத் தனிக் கூலி கிடையாது!

அப்புறம் நுகத்தடி. அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இரண்டு மாடு, ஒரே பாரம். ஆனால் வரையும்போது அர்த்தத்தை நினைத்தால் மரம் வரவில்லை, அட்டையில் வெட்டிய அடையாளம்தான் வந்தது. மரமாக நினைத்து ஓரத்தில் வெளிச்சம், அடியில் கறுப்பு, அது படும் இடத்தில் துணியின் மேல் ஒரு நிழல் என்று போட்டதும் எடை வந்துவிட்டது. எடை வந்த பிறகு அதற்கு விளக்கமே வேண்டாம். குறியீட்டு ஓவியங்களில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இங்கேதான் பிரிகின்றன. பொருள் பொருளாக இல்லாமல் சீட்டு ஒட்டின மாதிரி நிற்கும் படங்கள் அந்தக் காலத்திலேயே ஏராளம்.

நுகத்தடியிலிருந்து லாரல் இலைகள் துளிர்த்திருக்கின்றன. வெட்டிய மரம் துளிர்க்கிறது. லாரல் எப்போதும் பச்சையாக இருக்கும், அதனால் நற்குணத்துக்கும் நிலைத்திருப்பதற்கும் அடையாளம். க்யூபிட் தலையில் இருப்பதும் அதே இலை மாலைதான். அல்ட்ராமரீன் நீலத்தில் மஞ்சள் ஓக்கர் கலந்த மங்கலான பச்சை இதற்குச் சரியாக இருந்தது. குழாயிலிருந்து நேராக எடுத்த பச்சை பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கிறது.

பெண்ணின் சங்கிலியில் தொங்கும் கேமியோ பதக்கம், அதாவது கல்லில் முகத்தைப் புடைப்பாகச் செதுக்கியது, என் அளவில் நகக்கண் அளவுகூட இல்லை. அதில் இருப்பது ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் மனைவி ஃபௌஸ்தினா என்று கருதுகிறார்கள். மணமகளின் பெயரும் அதேதான். அந்த அரசி இறந்ததும் கணவர் ரோமில் அவருக்குக் கோயிலே கட்டினார். பதிவிரதைக்கு முன்மாதிரியாக அவரைக் காட்டுவது வழக்கம். மிகச் சின்னப் பிரஷ்ஷால் நெற்றி, மூக்கு, கொண்டை என்று மூன்று தொடுதல். அதற்கு மேல் தொட்டால் கெட்டுவிடும்.

மிச்சம் இருப்பது அந்தச் சிரிப்பு. சிலர் அதைக் கேலி என்கிறார்கள், சிலர் வாழ்த்து என்கிறார்கள். எனக்குக் கேலியாகத்தான் படுகிறது. 21 வயதுப் பையனிடம் 'மாட்டினாயா' என்று கேட்பது போல. லோட்டோ கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். இந்தக் கிண்டல் அவர் ஒருவருடையது மட்டுமல்ல. பிற்பாடு 1593இல் செசாரே ரிப்பா தொகுத்த குறியீட்டு அகராதியில் 'திருமணம்' என்பவன் கழுத்தில் நுகமும் காலில் விலங்குமாக நிற்கிறான். நம்மூர்க் கால்கட்டேதான்.

வாயின் ஓரங்களை இப்போதைக்கு அம்பர் நிலையிலேயே விட்டிருக்கிறேன். கேலியா வாழ்த்தா என்பது வலது ஓரத்தின் ஒரு மயிரிழை உயரத்தில் இருக்கிறது. முகத்தின் மற்ற பூச்சுகள் காய்ந்த பிறகுதான் கை வைப்பேன். இது முடிந்தால் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் லோட்டோவின் இன்னொரு தம்பதி படம். அதில் மனைவி கையில் விசுவாசத்துக்கு ஒரு குட்டி நாய், மேஜை மேல் தூங்கும் அணில், அணிலைச் சுட்டிக்காட்டும் கணவன். நாய் ரோமமும் அணில் ரோமமும் பக்கத்துப் பக்கத்தில் வேறு வேறாகத் தெரிய வேண்டும், அதற்கான பயிற்சித் தாள்களைத் தொடங்கிவிட்டேன்.