அம்மாவின் வேகம்

ஓட்டத்துக்கு முந்தைய இரவில் எங்கள் வீட்டில் நடக்கும் முதல் வேலை ஊக்குகளை எண்ணுவதுதான். ஓடும்போது ஒருவர் உடையில் குத்திக்கொள்ளும் எண் தாளுக்கு நான்கு ஊக்குகள் வேண்டும். அமைப்பாளர்கள் கொடுக்கும் உறையில் அவை இருந்தாலும், விடியற்காலை நாலரை மணிக்கு ஒன்றாவது காணாமல் போயிருக்கும். அந்த நேரத்தில் அம்மா தன் வளையலில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுப்பார். நாங்களெல்லாம் கண்ணாடி முன் நின்று எண் கோணலாகிவிட்டதே என்று கழற்றி மாட்டிக்கொண்டிருக்க, பருத்திப் புடவையின் மேல் அவர் குத்தும் தாள் மட்டும் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். புடவைக்கு ஊக்கு குத்துவதில் அவருக்கு ஐம்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. காலில் கேன்வாஸ் காலணி, கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம். அவருக்கு இப்போது அறுபத்தாறு வயது.

இப்படிக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஓட்டங்களுக்குப் போவதில் எங்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி எளிதில் வந்துவிடவில்லை. முதல் முறை நாங்கள் போனது சென்னையில் நடந்த ஒரு பெரிய நிகழ்வுக்கு. மகளுக்கு அப்போது ஏழு வயது. நானும் கணவரும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கும், அம்மாவும் மகளும் ஐந்து கிலோமீட்டர் குடும்ப ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தே தீர வேண்டும் என்பது கணவரின் வைராக்கியம்; அவரை விட்டுவிடக்கூடாது என்பது என்னுடையது. எல்லைக்கோட்டைத் தாண்டி, பதக்கத்தோடு படம் எடுத்து, வாழைப்பழமும் தின்று முடித்த பிறகுதான் அம்மாவும் மகளும் எங்கே என்ற கேள்வியே எங்களுக்கு எழுந்தது. கைப்பேசிகளை வண்டியில் பூட்டி வைத்திருந்தோம். முக்கால் மணி நேரம் தேடிய பின், சாலையோரக் கல்லில் இருவரும் உட்கார்ந்திருப்பதைக் கண்டோம். அவர்கள் வந்து சேர்வதற்குள் காற்றடைத்த நுழைவு வளைவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்களாம். பதக்கப் பெட்டி காலியாகியிருந்ததாம். தண்ணீர்க் கேன்கள் கவிழ்ந்து கிடந்தனவாம். அமைப்பாளர்கள் மீது எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால், "நீங்களாவது நின்னிருக்கலாம்ல?" என்று மகள் கேட்டது எங்களை நோக்கித்தான்.

அன்றிலிருந்து, குடும்பமாகப் போகும் நிகழ்வுகளில் எல்லோரும் அம்மாவின் வேகத்திலேயே போவது என்று முடிவு செய்தோம். கணவருக்கு நேரத்தைத் துரத்த வேண்டுமென்றால், அதற்கென்று தனியே வேறொரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. சொல்வதற்கு எளிதாக இருந்த இந்த ஏற்பாட்டுக்குப் பழகுவதற்கு எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மெதுவாக ஓடுவது வேகமாக ஓடுவதைவிட எளிது என்று நினைப்பவர்கள், கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் என்ற கணக்கில் ஒரு முறை ஓடிப் பார்க்க வேண்டும். வழக்கமான எட்டு எடுத்து வைக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் கெண்டைக்கால் முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு மனம் முரண்டு பிடிக்கும். பேச்சுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே நீண்ட தூரத்துக்கு உகந்த வேகம் என்று ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அம்மா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவதால் அதற்கென்று தனி அளவுகோல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. அவர் பேச்சு நின்றால் நாங்களும் நடைக்கு மாறிவிடுவோம்.

சென்னையில் இதற்கு உடல் சார்ந்த காரணமும் இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை உலராமல் வழிந்து ஓடிவிடுகிறது. உலரும்போதுதான் வியர்வை உடலின் சூட்டைக் கொண்டுபோகும். வழிந்து போகும் வியர்வையால் நீரும் உப்பும் இழப்பாவதைத் தவிர வேறு பயன் இல்லை. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர்க் கடற்கரையில் மே மாதம் ஓடுபவர்கள், ஏழாவது கிலோமீட்டரில் தலைசுற்றி உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. உப்புப் போட்ட நீர்மோரை ஒரு பாட்டிலில் கொண்டுவருவார். எங்கள் கூட்டத்தில் இதுவரை யாரும் மயங்கி விழுந்ததில்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்த நிகழ்வு ஆரோவில் மாரத்தான். 2008-இல் தொடங்கி, பெரும்பாலும் பிப்ரவரியில் நடந்துவரும் இந்த ஓட்டத்தில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது; காலணியில் கட்டும் நேரக் கணிப்புச் சிப்பும் கிடையாது. முழு மாரத்தானாகிய 42.195 கிலோமீட்டர் ஓடினாலும், அரை மாரத்தான் ஓடினாலும், எங்களைப்போல் பத்துக் கிலோமீட்டர் ஓடினாலும், எத்தனை மணி நேரம் ஆனது என்பது ஓடியவரின் சொந்த விஷயம். என் கல்லூரித் தோழியின் குடும்பமும் எங்கள் குடும்பமுமாக இரண்டு வண்டிகளில் சனிக்கிழமை கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நூற்றைம்பது கிலோமீட்டர் போய், இரவு பொம்மையார்பாளையம் பக்கம் தங்கினோம். மகளுக்குப் பத்துக் கிலோமீட்டர் அதிகம் என்று நாங்களே முடிவு செய்திருந்ததால், அவள் தோழியின் கணவரோடு வழியில் ஓரிடத்தில் நின்று ஓடுபவர்களுக்குக் கைதட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

அங்கே ஓட வேண்டிய தரை செம்மண். தார்ச்சாலைக்கும் சிமென்ட் நடைமேடைக்கும் பழகிய காலுக்கு அந்த மண் முதலில் நழுவுவதுபோல் தோன்றும். இரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு முழங்கால் அதற்கு நன்றி சொல்லும். 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேட்டு நிலம் மழைநீர் அரித்த வெறும் பொட்டலாக இருந்தது. வரப்பு கட்டி நீரைத் தேக்கி, மரக்கன்றுகளை நட்டுத்தான் இன்றைய காட்டை உண்டாக்கினார்கள். உள்ளே மரநிழலில் ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஓரிடத்தில் காடு விலகி, மண் அரிப்பில் உண்டான பள்ளம் சிவப்பாகத் திறந்து கிடக்கும். முன்பு எல்லாமே இப்படித்தான் இருந்தது என்பதை அந்தப் பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். முந்திரி பூத்திருந்த பருவம் அது. அந்தப் பூவின் மணத்தை முதலில் கண்டுபிடித்தவர் அம்மாதான். பிடித்த உடனே நின்றுவிட்டார். அவர் நின்றதால் நாங்கள் நின்றோம். நாங்கள் நின்றதைப் பார்த்து, பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள் யாருக்காவது சுளுக்கா என்று பதறி நின்றார்கள். முந்திரிப் பூ என்று சொன்னதும் சிரித்துவிட்டு, அவர்களும் ஒரு கிளையை வளைத்து முகர்ந்துவிட்டே கிளம்பினார்கள். சிப் கட்டிய ஓட்டமாக இருந்திருந்தால் அவர்களும் நின்றிருக்க மாட்டார்கள், நானும் நின்றிருக்க மாட்டேன்.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை, சனிக்கிழமை காலைகளில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடக்கும் பார்க்ரன் ஓட்டத்துக்குப் போகிறவள். சென்ற பள்ளி விடுமுறையில் எங்களையும் அழைத்துப் போனாள். ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை. 2004 அக்டோபரில் லண்டனில் புஷி பூங்காவில் பால் சிண்டன்-ஹெவிட் என்பவர் தொடங்கியபோது ஓடியவர்கள் பதின்மூன்று பேர்தான். இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. அங்கே நேரத்தைக் குறிக்கிறார்கள் என்றாலும், ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். தன்னார்வலர் ஒருவர் எப்போதும் எல்லோருக்கும் பின்னால் வருவார். ஆகவே ஓடுபவர் எவரும் கடைசியாக வர முடியாது. 2024-இல் அதிவேகச் சாதனைப் பட்டியல்களைத் தங்கள் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டபோது பலருக்கு வருத்தம். என் கணவருக்கும் வருத்தம்தான். எனக்கு அது சரியாகவே பட்டது. இதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

ஓட்டத்தில் கற்ற பாடத்தைச் சைக்கிளில் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. மாதம் ஒரு ஞாயிறு, திருவான்மியூரில் கூடி முட்டுக்காடு வரை போய்த் திரும்புவது நண்பர்கள் கூட்டத்தின் வழக்கம்; போக வர நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். நடந்துகொண்டிருப்பவரோடு ஓடுபவர் சேர்ந்து போகலாம், கியர் வண்டியில் போகிறவரோடு சாதா வண்டிக்காரர் சேர்ந்து போவது கடினம். நாங்கள் கண்டறிந்த வழி, வலுவானவரை முன்னால் விட்டுக் காற்றை வாங்க வைப்பது. அவர் பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்றின் எதிர்ப்பு கணிசமாகக் குறைந்துவிடும். இதன் அருமை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் தெரியும். தெற்கே போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போக, நமக்குத்தான் இவ்வளவு பலமா என்ற மயக்கத்தில் கோவளம் வரை போய்விடுவோம். திரும்பும்போது வட்டியோடு வசூலித்துவிடும். அந்த வேளையில் என் கணவரின் முதுகு எனக்குப் பல கிலோமீட்டர்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

அவர் 200 கிலோமீட்டர் பிரெவே ஒன்றையும் முடித்திருக்கிறார்; குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம் அது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், வழியில் உள்ள நிலையங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு முடிக்க வேண்டும். முடித்தவர்களுக்குள் தரவரிசை கிடையாது. இதன் வேர் 1897-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று இத்தாலியச் சைக்கிளோட்டிகள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரை ஒரே பகலில் கடந்தார்கள். இவ்வகைப் பயணங்களுக்கு, துணிச்சலைக் குறிக்கும் 'ஆடாக்ஸ்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அது பிரான்சுக்குப் போனதும் முறைப்படுத்தப்பட்டு, கூட்டம் முழுவதும் ஒரு சாலைத் தலைவரின் பின்னால், மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில், பிரியாமல் சேர்ந்தே போவது என்றானது. அவரவர் வேகத்தில் போகலாம் என்ற கிளை 1921-இல்தான் பிரிந்தது. கணவர் முடித்தது அந்த வகை. எல்லோரும் சேர்ந்தே போகும் பழைய முறையை நான் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "நாங்களும் அப்படித்தான் போனோம்" என்றார்.

அம்மா அன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று அதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். செவிலியர்கள், ஆசிரியைகள், கல்குவாரித் தொழிலாளர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தக் காலத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதால் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிறகு, முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பவும் செய்தார்கள். இவ்வளவும் எனக்குப் படித்தும் கேட்டும் தெரிந்திருந்தது. அவர்கள் போன பேரணியைப் பற்றி அம்மா சொன்னதில்லை. கொடி கட்டிய வண்டிகளில் வரிசையாகப் போனபோது, கற்றுப் பதினைந்தே நாளான ஒருத்தி திருப்பத்தில் கீழே விழுந்தாளாம். முன்னால் போனவர்கள்வரை செய்தி போய், வரிசை முழுவதும் காலூன்றி நின்று, அவள் முழங்காலைத் துடைத்துக்கொண்டு ஏறிய பிறகுதான் நகர்ந்ததாம். யார் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள் என்று நான் கேட்டேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுத்து, விளங்காத பாஷையில் பேசுகிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அம்மாவையும் அழைத்தோம். தோழி அவருக்காகவே முன்கூடை வைத்த பெண்கள் வண்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என் கணவர் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பழைய கம்பி வைத்த வண்டியைக் காட்டி, "அதை இறக்குங்க மாப்பிள்ளை" என்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெடலில் ஒரு காலை ஊன்றி நாலு தள்ளு தள்ளி, அவர் ஏறி உட்கார்ந்த அந்தக் கணத்தில் நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. வண்டி ஒரு முறை ஆடி நேரானது. கம்பியில் உட்கார வருகிறாயா என்று பேத்தியைக் கேட்டார். பன்னிரண்டு வயதில் யாராவது உட்காருவார்களா என்று அவள் சிரித்தாள். "உங்கம்மா அஞ்சு வயசுல உட்கார்ந்து பேரணி பூரா தூங்கிட்டே வந்தா" என்று சொல்லிவிட்டு மணியடித்தார். நீலாங்கரை வரை போய்த் திரும்பினோம், வரிசையாக, அம்மாவுக்குப் பின்னால். வழியில் இளநீர்க் கடை ஒன்றில் அவர் நிறுத்தியபோது நாங்கள் ஒன்பது பேரும் காலூன்றி நின்றோம்.