மேப்ல பச்சையா இருக்குற இடத்துக்கெல்லாம் பறவை போயிடாது

பறவைக்குத்தான் றெக்கை இருக்கே, சூடு ஏறினா வேற இடத்துக்குப் பறந்து போயிடாதா? சூடு கூடினா எந்தப் பறவை எங்க இருக்கும்னு கம்ப்யூட்டர்ல கணிக்கிறதுதான் என் வேலை, அதைச் சொன்னதும் முக்காவாசி பேரு கேக்குறது இதைத்தான். நியாயமான கேள்வி. சில பறவைக்கு அது சரியாவும் இருக்கு. மயிலை எடுத்துக்கோங்க, 1933-ல சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி பக்கம் சர்வே பண்ணப்போ மயில் பதிவாகவே இல்லை, இன்னைக்கு கேரளாவுல வயலு, தோட்டம், ரோட்டோரம்னு பல இடத்துல சாதாரணமா நிக்குது, நிலம் வறண்டுட்டு வர்றதும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க. ஆனா நான் அதிகமா வேலை பாக்குறது மேற்குத் தொடர்ச்சி மலை உச்சியில இருக்குற பறவைங்களோட டேட்டாவுல. நீலகிரி நெட்டைக்காலி, சோலைக்கிளி (பேருலதான் கிளி, அது கிளி இல்லை), சிரிப்பான். இதுங்களுக்குப் போக வழி மேல மட்டும்தான், அந்த மேலயும் கொஞ்சம்தான் மிச்சம்.

கணக்கு சிம்பிள். 1000 மீட்டர் ஏறினா வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். அப்போ 3 டிகிரி சூடு கூடினா, இன்னைக்கு 2200 மீட்டர்ல இருக்குற அதே குளிர் வேணும்னா கிட்டத்தட்ட 2700-க்குப் போகணும். தொட்டபெட்டா 2637 மீட்டர். தென்னிந்தியாவுலேயே உசரமான ஆனைமுடி 2695. அவ்ளோதான், அதுக்கு மேல மலையே இல்லை.

இதை முறையா செய்றதுக்குத்தான் மாடல். ஒரு பறவை எங்கெங்க பதிவாகியிருக்கு, அந்த இடத்துல மழை எவ்ளோ, குளிர் எவ்ளோன்னு சேத்துக் குடுத்தா, அதுக்கு எந்த மாதிரி காலநிலை பிடிக்குதுன்னு மேக்ஸென்ட் மாதிரி ஒரு புரோகிராம் கத்துக்கும், அப்புறம் 2050, 2070-க்கான காலநிலையைக் குடுத்தா அப்போ எந்த இடம் ஒத்துவரும்னு பச்சை கலர் போட்டுக் காட்டிடும். காலநிலைக்கு வேர்ல்ட்கிளைம் டேட்டா இருக்கு, 1 கிலோமீட்டர் கட்டம் கட்டமா, 19 அளவுகள். ஃப்ரீயா கிடைக்குது. ஒரு நாள்ல மேப் ரெடி ஆயிடும், பாக்க ரொம்ப அழகாவும் இருக்கும், அதனாலேயே எனக்கு அதைப் பாத்தா கொஞ்சம் பயமும் இருக்கும்.

ஏன்னா பறவை பதிவுங்க எங்கருந்து வருது? பெரும்பாலும் ஈபேர்ட்ங்கிற வெப்சைட்ல, பாத்த பறவைங்களை எழுதி ஜனங்க போடுற செக்லிஸ்ட்ல இருந்து. அது பெரிய சொத்து, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்லை, அது இல்லைன்னா எங்க வேலையே கிடையாது. ஆனா புள்ளிகளை மேப்ல போட்டுப் பாத்தா ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, மூணாறு, அதுங்களுக்குப் போற ரோடு, இதைச் சுத்தியே கொட்டிக் கிடக்கும். அப்படியே மாடலுக்குக் குடுத்தா பறவைக்கு என்ன பிடிக்கும்ங்கிறதை விட பறவை பாக்குறவங்க கார் எங்க வரைக்கும் போகும்ங்கிறதைத்தான் அது கத்துக்கும். அதனால ஒப்பிடுறதுக்கான புள்ளிகளையும் ஆளுங்க போன இடத்துல இருந்தே எடுப்போம், அதாவது அங்க போனாங்க, மத்த பறவையெல்லாம் எழுதினாங்க, நெட்டைக்காலி மட்டும் லிஸ்ட்ல இல்லை. அந்த "இல்லை" எனக்குத் தங்கம். கேரளாவுல 2015-ல இருந்து 2020 வரைக்கும் தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்க கட்டம் பிரிச்சு, குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்த இடங்களுக்குத் தேடிப் போயி பறவை அட்லஸ் பண்ணாங்க. அந்த மாதிரி டேட்டாவைத் தொறந்தாலே மனசுக்கு நிம்மதியா இருக்கும்.

அடுத்தது பாலக்காட்டுக் கணவாய். மலைத்தொடர் அங்க சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கு. வடக்கே நீலகிரி சோலைக்கிளி, தெக்கே வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி, ரெண்டும் வேற வேற இனம், பல லட்சம் வருஷமா அந்தப் பள்ளத்தைத் தாண்டாமப் பிரிஞ்சது. மாடலுக்கு இதெல்லாம் தெரியாது. நீலகிரி பறவைக்கு எதிர்காலத்துல ஆனைமலை நல்ல இடம்னு பச்சை கலர் அடிச்சு வெச்சிரும். காட்டுக்குள்ள தரையோட ஒட்டி வாழுற ஒரு சின்னப் பறவை கொதிக்கிற சமவெளியைத் தாண்டி அங்க எப்படிப் போகும்? அந்தப் பச்சையை நாங்க தனியா அழிச்சுட்டுத்தான் பரப்பளவு கணக்கே போடுறோம்.

எல்லாத்தையும் விட பெருசு புல்வெளி. நெட்டைக்காலி புல்வெளிப் பறவை, மரம் வந்தா அது இருக்காது. கொடைக்கானல் இருக்குற பழனி மலைத்தொடர்ல நாப்பது வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு மலைப் புல்வெளி போயிடுச்சு, சீகை (வாட்டில்ங்கிற வெளிநாட்டு மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன், விவசாயம்னு. சூடு அதுல கால் பங்கு வேலையைக் கூட இன்னும் பண்ணலைன்னுதான் நான் நினைக்கிறேன். இனிமே ரெண்டும் சேருது, அதுதான் கவலை. உறைபனி புல்வெளியில மரக்கன்னு வராமத் தடுக்குது, பனி குறைஞ்சா சீகைக்குக் கதவு தொறந்த மாதிரி. வெறும் காலநிலை மேப்ல இது தெரியவே தெரியாது, சாட்டிலைட் படத்துல இருந்து புல்வெளி லேயரைத் தனியா மேல போட்டாத்தான் தெரியும். போட்டதும் பச்சை பாதிக்கு மேல காணாமப் போகும்.

ஒரு மீட்டிங்ல வனத்துறை அதிகாரி ஒருத்தர், "2070-ல இந்தப் பறவை எங்க இருக்கும்னு சொல்லுங்க, அங்க வேலை செய்றோம்"னு கேட்டாரு. அக்கறையாத்தான் கேட்டாரு. 2070-ஐ விடுங்க சார், அப்பவும் குளிரா இருக்கும்னு எல்லா மாடலும் ஒத்துக்குற இடத்துல, இன்னைக்கு இன்னும் புல்லா இருக்குறது இந்த சில துண்டுங்கதான், இங்க சீகை ஏறாமப் பாத்துக்கிட்டாப் போதும்னு சொன்னேன். பக்கத்துல நின்ன வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் உடனே, "வெட்டுறது பெருசில்லீங்க சார், விதை மண்ணுக்குள்ளயே கெடக்குது, வருஷா வருஷம் வந்து புடுங்கணும், அதுக்கு ஆள் வேணும்"னாரு. ரிப்போர்ட்ல அந்த வரியை அப்படியே சேத்தோம், கலர் மேப்புக்கு முன்னாடி.

இப்ப நாங்க ஒவ்வொரு இனத்துக்கும் ரெண்டாவதா ஒரு மேப்பும் குடுக்குறோம், மாடலுக்கே சந்தேகமா இருக்குற, யாருமே போயிப் பாக்காத கட்டங்கள் மட்டும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு மலைப்பக்கம் போறவங்க அனுமதியோட போகக்கூடிய இடமாப் பாத்து அதுல ஒண்ணை எடுத்துக்கலாம், பதினஞ்சு நிமிஷம் நின்னாப் போதும், வெறும் காக்காயும் மைனாவும் தான் இருந்துச்சுன்னாலும் முழு லிஸ்டாப் போட்டுடுங்க.