மானிட்டர் காலிபரேஷன் செய்முறைத் தேர்வு: முதலில் வெளிச்சத்தைக் கட்டுங்கள்

டிப்ளமோ செய்முறைத் தேர்வு முடிவு போன வாரம் வந்தது. தேறிவிட்டேன். நிறமேலாண்மைப் பகுதியில் நினைத்ததற்கு மேலேயே மதிப்பெண். மனசு லேசாக இருக்கும் இந்தச் சூட்டோடு எழுதிவிடுகிறேன். முகூர்த்த மாதம் தொடங்கிவிட்டால் ஸ்டுடியோ வேலையில் தலைநிமிர முடியாது. அடுத்து இந்தத் தேர்வை எழுதப்போகிறவர்களுக்காகத்தான் இது. தேர்வு எப்படி நடக்கும், எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எழுத்துத் தேர்வுக்குக் கொடுத்த நோட்ஸ் போதும். மானிட்டரைக் கருவியால் அளந்து, அது நிறம் காட்டும் விதத்தை ‘ப்ரொஃபைல்’ என்ற கோப்பாகப் போட்டு, கொடுத்த படத்தைப் பிரிண்டோடு ஒத்துப்போக வைக்கிறோமே, அந்தப் பகுதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பலரும் விழுவது அங்கேதான்.

வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையில் இருந்து வரும்போது மானிட்டரின் வெளிச்சம் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவைத் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டித்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் படத்தைத் திருத்தினால் நிழல் பகுதியெல்லாம் தெளிவாகத் தெரியும், ‘போதும்’ என்று விட்டுவிடுவோம். பிரிண்ட் கையில் வந்ததும் முகம் கருத்திருக்கும். உடனே பிரிண்டர் சரியில்லை, இங்க் சரியில்லை என்று பேச்சு கிளம்பும். பிரிண்டரில் ஒரு குறையும் இருக்காது. பெரும்பாலான திரைகளும் படங்களும் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி நிறத் தரநிலையே திரைக்கு 80 கேண்டெலாவைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. பிரிண்ட் வேலைக்கு 80 முதல் 120 வரை வைப்பார்கள். நான் 90ல் வைத்தேன்.

அந்த 90 எங்கிருந்து வந்தது என்று வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். கணக்கு எளிது. தாளின் மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் எடுத்து, வெள்ளைத் தாள் அதில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்பதால் 0.9ஆல் பெருக்கி, 3.14ஆல் வகுத்தால், வெள்ளைத் தாளில் இருந்து கண்ணுக்குத் திரும்பி வரும் வெளிச்சம் கிடைக்கும். மேசையில் 300 லக்ஸ் விழுந்தால் சுமார் 86 கேண்டெலா. திரையின் வெள்ளை அதற்குப் பக்கத்தில் இருந்தால்தான் பிரிண்டும் திரையும் ஒரே கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். 500 லக்ஸ் விளக்கின் கீழே பிரிண்ட் பார்ப்பவர் 140க்குப் போகலாம், தப்பில்லை. எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்.

திரையை அளக்கும் கருவி (கலரிமீட்டர்) கைக்கு வருவதற்கு முன்பே இதைக் கண்ணால் பழகலாம். பிரிண்ட் போடும் தாளில் ஒன்றை எடுத்து, மானிட்டருக்குப் பக்கத்தில், பிரிண்ட் பார்க்கும் விளக்கின் கீழே நிறுத்துங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். முதலில் திரை பளீரென்று கண்ணைக் கூசும், தாள் சாம்பல் பூசியதுபோல் மங்கித் தெரியும். மானிட்டர் பட்டனை அழுத்தி வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அவ்வப்போது கண்ணைத் திருப்பி வேறெங்காவது பார்த்துவிட்டு வாருங்கள். ஓர் இடத்தில் தாள் சட்டென்று வெள்ளையாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதன்பின் கருவியை வைத்து அளந்தால் நீங்கள் குறிவைத்த எண்ணுக்கு வெகு அருகில் வந்திருப்பீர்கள். தேர்வில் எனக்கு நேரம் மிச்சமானது இதனால்தான்.

இந்தப் பிடிவாதம் எனக்குப் பெரியப்பாவிடம் இருந்து வந்தது. ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960ல் தொடங்கிய அந்த அரசு ஆலையின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒரு காலத்தில் நாடு முழுக்கப் போனது. இருட்டறையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவருக்கு நான் கருவி, மென்பொருள் என்று அடுக்கியதெல்லாம் பெரிதாகப் படவில்லை. “மொதல்ல ரூம் வெளிச்சத்தக் கட்டுடா தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். “நாளைக்கு பேப்பர் கலர் மாறுதுன்னு எங்கிட்ட வராத” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னது மலையில் இருக்கும் நமக்கு இரண்டு மடங்கு பொருந்தும். கோத்தகிரியில் என் மேசை ஜன்னலோரம் இருந்தது. காலையில் வெயில் மஞ்சளாக விழும். பத்து மணிக்கு மூடுபனி ஏறினால் அறை முழுக்க நீலம் பாய்ந்துவிடும். அரை மணியில் பனி கலைந்து மறுபடி வெயில். கண் ஒவ்வொரு முறையும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு எதுவும் உறைக்காது. காலையில் திருத்திய படமும் மதியம் திருத்திய படமும் ஒரே ஆல்பத்தில் ஒட்டாமல் நிற்கும்போதுதான் தெரியும். திரையை எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் இதற்கு உதவாது. எனவே அறைக்கு என்று நான் செய்தவை:

- மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன். ஜன்னலுக்குக் கனமான சாம்பல் திரைச்சீலை.
- எங்கள் வீட்டுச் சுவர் பச்சை. மானிட்டருக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்கு மட்டும் சாம்பல் நிற சார்ட் பேப்பர்.
- கடையில் ‘கூல் டேலைட்’ என்று தரும் 6500 கெல்வின் பல்பை (கெல்வின் எண் கூடினால் ஒளியில் நீலம் கூடும்) கழற்றிவிட்டு, 5000 கெல்வினில், நிறம் காட்டும் திறன் 90க்கு மேல் உள்ள எல்இடி. மலையில் கிடைக்காது, கீழே கோவையில் தேடிப் பிடிக்க வேண்டும்.
- ஸ்வெட்டர். சிரிக்காதீர்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தால் இருண்ட படங்களில் அந்தச் சிவப்பு மெல்லிசாகத் தெரியும். சாம்பலோ கறுப்போ போட்டுக்கொள்ளுங்கள், தேர்வன்றும்தான்.

தேர்வு மையத்தில் தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. எல்லாத் திரையிலும் அதன் பிரதிபலிப்பு. அணைக்கச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள். நிறத்தைச் சோதிக்கும் தேர்வை அப்படி ஓர் அறையில் வைப்பது நியாயமே இல்லை. உள்ளே கறுப்பு சார்ட் ஒட்டிய, திரையைச் சுற்றி மாட்டும் அட்டை மறைப்பு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். அதை மாட்டிக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை. நீங்களும் ஒன்று செய்துகொண்டு போங்கள்.

இனி அளப்பது. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மென்பொருளே கையைப் பிடித்து நடத்திவிடும். வெள்ளைப் புள்ளி, அதாவது திரையின் வெள்ளை எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்பது, டி65 (சுமார் 6500 கெல்வின்). காமா, அதாவது நடுத்தரச் சாம்பல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பது, 2.2. வெளிச்சம் மேலே சொன்னபடி. அளக்கும் முன் நைட் லைட், ட்ரூ டோன், தானியங்கி வெளிச்சம், டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று திரையைத் தானாக மாற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மானிட்டர் குறைந்தது அரை மணி நேரம் எரிந்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் நாட்களில் நான் ஒரு மணி நேரம் விடுவேன். குளிர்ந்த அறையில் பின்னொளி நிலைக்கு வர அதிக நேரம் எடுக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். உங்கள் திரையின் பின்னொளி எந்த வகை என்று மென்பொருள் கேட்கும். சாதாரண வெள்ளை எல்இடியா, விரிந்த நிறப்பரப்பு உள்ளதா என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அளவீடு முழுக்க ஒழுங்காக முடிந்ததுபோல் இருக்கும், வெள்ளை மட்டும் லேசாக ரோஸாகவோ பச்சையாகவோ நிற்கும். மையத்தில் உட்கார்ந்ததும் மானிட்டரின் மாடல் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் பழகுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது புதிதல்ல. அளந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரிக்கு மாறித் திரையை மங்கலாக்கிவிடும், கருவி அதையும் சேர்த்து அளந்து வைக்கும். பேட்டரிக்கும் மின் இணைப்புக்கும் ஒரே வெளிச்சத்தை அமைத்து, கிராஃபிக்ஸ் அமைப்பில் இருக்கும் மின்சேமிப்பு வசதியையும் அணைத்துவிடுங்கள். பாதியில் நின்ற அளவீட்டைத் தொடராதீர்கள், முதலில் இருந்து எடுங்கள்.

அளந்தபின் வரும் அறிக்கையில் சராசரி டெல்டா ஈ (காட்ட வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம்) எவ்வளவு என்று பார்த்து மகிழ்ந்து மூடிவிடக் கூடாது. சராசரி 1க்குக் கீழே இருந்தும் சாம்பல் படிகளில் ஒன்றிரண்டு எகிறி நிற்கும். முதலில் சாம்பல் படிகளைப் பாருங்கள். பிறகு கறுப்பில் இருந்து வெள்ளை வரை ஓடும் சாம்பல் பட்டை ஒன்றைத் திறந்து, நடுவில் எங்காவது நிறம் ஏறுகிறதா, கோடு விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பழகுவதற்கு எந்தப் படம் என்று கேட்டால், வெள்ளை நிறைந்த படம் என்பேன். எங்கள் பக்கம் மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகை. படுகர் ஆண்களும் பெண்களும் வெள்ளை உடுத்தி, மூடுபனிக்குள் வரிசையாக வருவார்கள். அந்த வெள்ளை, பனியின் வெள்ளை, பின்னால் தேயிலைச் சரிவின் பச்சை, எல்லாம் ஒரே சட்டகத்தில். திரையில் நீலம் ஒரு துளி கூடியிருந்தாலும் துணி சலவை நீலம் போட்டது போல் ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட மஞ்சளைக் கூட்டினால் பிரிண்டில் பழுப்பேறிவிடும். சரியான திரையில் துணியின் மடிப்புகளில், 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில், 245க்கும் 252க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். கல்யாண ஆல்பத்தில் வாடிக்கையாளர் முதலில் தடவிப் பார்ப்பதும் அந்த மடிப்பைத்தான். பூப்படங்களில் பழகாதீர்கள், அவை கண்ணை ஏமாற்றும்.

பூ என்றதும் ஒன்று. குறிஞ்சியும் ஜக்கரண்டாவும் கேமராவில் நீலமாகவே விழுகின்றன, காலிபரேட் செய்தும் ஊதா வரவில்லை என்று சக மாணவர் ஒருவர் கலங்கிப்போனார். திரையைச் சரிசெய்தால் கோப்பில் இருப்பது உள்ளபடி தெரியும், அவ்வளவே. கேமரா அந்த ஊதாவைக் கண் பார்க்கிற விதத்தில் பார்ப்பதில்லை. அதற்கு 24 கட்ட நிற அட்டையைப் படமெடுத்துக் கேமரா ப்ரொஃபைல் போட்டால் ஓரளவு நெருங்கலாம். இந்தத் தேர்வுக்கு அது வேண்டாம்.

வாய்மொழித் தேர்வில் வந்த கேள்விகள், பக்கத்து அறையில் கேட்டவையும் சேர்த்து:

- காலிபரேஷனும் ப்ரொஃபைலிங்கும் ஒன்றா? இல்லை. திரையைக் குறித்த நிலைக்குக் கொண்டுவருவது முதலாவது. அந்த நிலையில் அது எப்படி நிறம் காட்டுகிறது என்று அளந்து ஐசிசி கோப்பாக (ப்ரொஃபைலுக்கான பொது வடிவம்) எழுதுவது இரண்டாவது.
- காமா ஏன் 1.8 இல்லை? அது பழைய மேக் வழக்கம். 2009ல் வந்த ஸ்நோ லெப்பர்ட் இயங்குதளத்தில் ஆப்பிளே 2.2க்கு மாறிவிட்டது.
- பிரிண்ட் பார்க்க டி50 (சுமார் 5000 கெல்வின்), திரைக்கு டி65, முரண் இல்லையா? திரையைப் பார்க்கும்போது கண் அதன் வெள்ளைக்குப் பழகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர் திரையை டி50 பக்கம் நகர்த்தலாம். இப்படி இரண்டையும் சொன்னால் தலையாட்டுவார்கள்.
- மானிட்டர் ப்ரொஃபைலாக அடோபி ஆர்ஜிபியைக் கொடுத்தால் என்ன? நிறமெல்லாம் பொய்யாகிவிடும். அது படத்தைத் திருத்தும்போது பயன்படுத்தும் நிறவெளி, அதாவது நிறங்களின் எல்லை. மானிட்டருக்கு அதை அளந்து எடுத்த ப்ரொஃபைல் மட்டுமே.
- சாஃப்ட் ப்ரூஃபில் (பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பதில்) எந்த இன்டென்ட் (பிரிண்டரால் காட்ட முடியாத நிறங்களை மாற்றும் முறை)? ரிலேட்டிவ் (காட்ட முடியாத நிறங்களை மட்டும் மாற்றுவது), பெர்செப்சுவல் (எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்குவது) இரண்டையும் போட்டுக் காட்டிவிட்டு, இந்தப் படத்துக்கு எது, ஏன் என்று சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் மடக்குவார்கள்.

கருவியைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள், அளந்து ப்ரொஃபைல் போடும் டிஸ்ப்ளேகால் மென்பொருள் இலவசம். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். பழைய கலரிமீட்டர்களின் வடிகட்டிகள் காலத்தாலும் ஈரத்தாலும் நிறம் மாறிவிடும், நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வைத்திருக்கும் அதே காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு கருவியையும் போட்டு வையுங்கள். யாருக்காவது கொடுத்து அனுப்பும்போது ஜெல் பொட்டலமும் கூடவே போக வேண்டும்.