மழை மாதத்தில் பாராசூட் பேச்சு

ஜூலை 5, 2025, சனி. ஹட்டன்

தென்மேல் பருவக்காற்று முழு வேகத்தில் நிற்கிறது. இந்த மாதத்தில் மலைநாட்டு வானத்தில் குதிக்கிற பேச்சே எடுக்க முடியாது. அதனால் மண்டபத்துத் தரையில் பாராசூட்டை விரித்து மடிப்புப் பழக்கம். வந்தவர்களில் பாதிப்பேர் டுபாயில் வேலை செய்தபோது பழகியவர்கள், ஒருவர் படையில் இருந்தவர். கை மடிக்கும், வாய் அரசியல் பேசும்.

இன்றைய சண்டை, இரத்மலானையில் ஏறி மலைநாட்டுத் தியத்தலாவையில் குதிக்கலாமா என்பது. "மைதானம் இருக்கு, இரத்மலானையில பிளேன் இருக்கு, அப்புறம் என்னண்ணே தடை?" என்று ஒரு தம்பி கேட்டார். அனுமதியை விடுங்கள், முதல் தடை பூச்சியம்தான்.

கையில் கட்டும், உயரம் காட்டும் அல்டிமீட்டரும் ஏஏடி என்கிற தானியங்கித் திறப்பானும் அளப்பது காற்றழுத்தத்தை. ஏஏடி எந்தத் தரையில் ஓன் செய்யப்படுகிறதோ அதையே பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். இரத்மலானை கடல்மட்டம். தியத்தலாவை ஏறத்தாழ 4,100 அடி. டுபாயில் 5,500 அடியில் இழுத்துப் பழகிய கை இங்கேயும் முள் 5,500 காட்டும்போது இழுத்தால், காலுக்கும் மண்ணுக்கும் இடையே இருப்பது 1,400 அடி. வயிற்றுப்புறம் கீழே வைத்து விழுகிற ஆளுக்கு அது எட்டு விநாடி.

ஏஏடி இன்னும் மோசம். சைப்ரஸ் எக்ஸ்பர்ட் என்கிற ஏஏடி வகை சுமார் 750 அடியில், விழும் வேகம் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் இருந்தால், ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட்டை மூடிவைத்திருக்கும் லூப்பை வெட்டித் திறக்கும். அந்த 750 அடி அதன் சொந்தக் கணக்கில். தியத்தலாவை மண்ணில் மோதும் நேரத்திலும் அது 4,100 அடி உயரத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். வெட்டவே வெட்டாது.

செய்ய வேண்டியது: ஏறுமுன் ஏஏடியில் இறங்குதளத்தின் உயர வித்தியாசத்தை ஓஃப்செட்டாகப் போடுவது. அல்டிமீட்டர் முள்ளைப் பூச்சியத்துக்குக் கீழே 4,100-இல் நிறுத்துவது. இரண்டையும் இன்னொருவர் வாய்விட்டு வாசித்துச் சரிபார்ப்பது. விமானம் திரும்பி இரத்மலானையிலேயே இறங்க நேர்ந்தால் அடுத்த ஏற்றத்துக்கு எல்லாம் முதலிலிருந்து.

ஒட்சிசன் கணக்கும் இருக்கிறது. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யூஎஸ்பிஏயின் விதிப்படி கடல்மட்டத்திலிருந்து 15,000 அடிக்கு மேல் குதிப்பவருக்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் இல்லாமல் தியத்தலாவைக்கு மேலே கிடைப்பது 10,900 அடி, நுவரெலியாவுக்கு மேலே 8,900 அடிதான். தியத்தலாவையில் 4,000 அடியில் திறந்தால் சுதந்திர வீழ்ச்சி நாற்பது விநாடியைச் சற்றே தாண்டும்.

மலையில் உயரக் கணக்குப் பிழைத்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1974 டிசம்பர் 4-இல் ஹஜ் பயணிகளோடு கட்டுநாயக்காவுக்கு வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து முன்கூட்டியே இறங்கி சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். நினைவுச் சின்னம் நோர்ட்டன் பிரிட்ஜில் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

தேயிலை மலையில் இறங்க நேர்ந்தால்?

தூரத்திலிருந்து பச்சை மெத்தை போலத் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலையாக இருந்தால் இலை இல்லாத கட்டைகள் சாய்வாக வெட்டிய நுனியோடு முழங்கால் உயரத்துக்கு மேல்நோக்கி நிற்கும். வரிசைக்கு நடுவே மழைநீர்க் கான், அதில் கால் போனால் கணுக்கால் போச்சு. வெட்டாத மலை இதைவிட நல்லது, அடர்ந்த தூர் கொஞ்சம் தாங்கும். எப்படியானாலும் சரிவின் குறுக்கே, ஒரே உயரத்தில் போகும் மட்டக்கோட்டோடு இறங்க வேண்டும். சரிவை நோக்கியும் வேண்டாம், சரிவோடு கீழாகவும் வேண்டாம். கீழாக இறங்கினால் தரை உங்களோடு சேர்ந்து கீழே போய்க்கொண்டே இருக்கும், இறங்கும் வேகத்தைக் குறைக்கும் ஃப்ளேரை எங்கே இழுப்பது என்றே தெரியாது.

நிழல் மரம் தவிர்க்க முடியாவிட்டால் கால்கள் ஒட்டியிருக்கட்டும், முழங்கை முகத்தையும் தொண்டையையும் மறைக்கட்டும், கிளையைப் பிடிக்கப் பாயாதீர்கள். தொங்கினால் தொங்குங்கள். கயிறோடு ஆள் வருமுன் பெல்ட்டைக் கழற்றி வீரம் காட்டியவர்கள்தான் இடுப்பை உடைக்கிறார்கள்.

காற்று: மலைமுகட்டுக்குப் பின்புறம் சுழலும் காற்றின் தொல்லை, தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கும் அதற்கு மேலும் போகும். ஹப்புத்தளை இடுக்கில் காற்று பிழிந்து வருவதை நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். மாணவர்களுக்கு யூஎஸ்பிஏ வைத்திருக்கும் எல்லை மணிக்கு 14 மைல். இங்கே ஜூலையில் அதை விவாதிக்கவே தேவையில்லை.

அடர்த்தி குறைந்த காற்றால் தியத்தலாவை உயரத்தில் பாராசூட் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 6% வேகமாக ஓடும், நுவரெலியாவில் 10% வரை. கைக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நீண்ட சண்டை, வாக்குமூலம் இல்லாமல் குற்றத்தை நிரூபிக்க முடியுமா என்று. தொடக்கம் ஒரு ஸ்லிங்க்.

ஸ்லிங்க் என்பது கயிறுகளைத் தோள்பட்டியோடு இணைக்கும் துணி வளையம். ஒரு பாராசூட்டுக்கு நான்கு. சுருட்டி வைத்தால் சுண்டுவிரலைவிடச் சிறியது. ஒழுங்காகப் பூட்டியது தானாகக் கழலாது. 2015 ஏப்ரல் 5-இல் இங்கிலாந்தின் நெதராவனில் 4,000 அடியிலிருந்து குதித்த பெண்ணின் மெயின் என்கிற முதன்மைப் பாராசூட் முறுக்கிக்கொண்டது. ரிசர்வில் நான்கு ஸ்லிங்கில் இரண்டைக் காணோம். உழுது போட்ட வயலில் விழுந்ததால் உயிர் பிழைத்தார். குற்றவாளி அவருடைய கணவர், இராணுவ சார்ஜன்ட். முதல் விசாரணையில் ஜூரிக்கு முடிவு எட்டவில்லை. மறு விசாரணையில் 2018-இல் கொலை முயற்சிக் குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை, குறைந்தது 18 ஆண்டு.

அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. இதுதான் இன்றைய விவாதத்தின் நடுக்கம்பம். "சதி பண்றவன் ஒத்துக்காம எப்படி நிரூபிப்பீங்க? அதுக்குத்தானே பயங்கரவாதத் தடைச் சட்டம்" என்றார் படையில் இருந்தவர். நிரூபித்தார்களே, ஐயா. முதல் நாள் அந்த பாராசூட் பையை யார் எங்கே கொண்டுபோனார், எந்த வளையம் இல்லை, அது தானாகக் கழலுமா என்று நிபுணர் சாட்சி, கடன், குறுஞ்செய்திகள். எல்லாம் பொருளும் ஆவணமும்.

நம் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்காது. 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவி பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தால் ஏற்கும். தடுப்புக் கட்டளை 18 மாதம் வரை நீளலாம் என்று இருந்ததை 2022 திருத்தம் 12 மாதமாக்கியது. தற்காலிகம் என்று வந்த சட்டம் 1982-இல் நிரந்தரமானது. வாக்குமூலம் கையில் இருந்தால் ஸ்லிங்கைத் தேடுகிற வேலையை யார் செய்வார்கள்? என் நிலைப்பாடு இதுதான், மண்டபத்தில் பாதிக்கு உடன்பாடில்லை.

எதிர்ப்பக்கத்தின் நல்ல அடி: பெல்ஜியம். 2006 நவம்பரில் கயிறுகள் வெட்டப்பட்ட பாராசூட்டோடு ஒரு பெண் விழுந்து இறந்தார். சக வீராங்கனைக்கு 2010-இல் 30 ஆண்டு. வாக்குமூலமும் இல்லை, நேரடிச் சாட்சியும் இல்லை, சூழ்நிலைச் சான்று மட்டும். அதையும் சரி என்பீர்களா? சங்கடமான கேள்வி. சூழ்நிலைச் சான்றில் போகும் வழக்குக்கு மேன்முறையீடும் ஆவணத் திறப்பும் இருமடங்கு வேண்டும் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உயிர் காப்பது முதலில், பட்டிகளை வெட்ட நேர்ந்தால் எங்கே வெட்டினோம் என்று குறிப்பது. பிறகு யாரும் பாராசூட்டைச் சுருட்டக்கூடாது. நல்லெண்ணத்தில் சுருட்டுகிறவர்தான் பெரும்பாலும் சான்றை அழிக்கிறார். மெயினைக் கழற்றிவிடும் வலப்பக்கக் கட்அவே கைப்பிடி, இடப்பக்க ரிசர்வ் கைப்பிடி இரண்டும் எங்கே கிடக்கின்றன, மெயினைத் தோளில் பிடித்திருக்கும் மூன்று வளையப் பூட்டு திறந்திருக்கிறதா, ஸ்லிங்க் எட்டும் இருக்கின்றனவா என்று தொடாமல் படம் எடுப்பது. ஏஏடிக்குள் பதிவு இருக்கும், ஓஃப் செய்து விளையாடாமல் அப்படியே ஒப்படைப்பது. ரிசர்வ் மடிப்பு அட்டையை நகல் எடுப்பது. அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை ரிசர்வைப் பிரித்து மடித்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். கவனக்குறைவால் மரணம் என்றால் நம் தண்டனைச் சட்டக்கோவையின் 298-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. குதிக்குமுன் எழுதி வாங்கும் பொறுப்புத்துறப்புப் பத்திரம் குற்றவியல் வழக்கில் நிற்காது என்பதை மடிப்பவர்கள் மண்டையில் ஏற்ற வேண்டும்.

ஜூலை 16, புதன்

1971 நவம்பரில் போயிங் 727 ஒன்றைக் கடத்தி, அதன் பின்படியில் இரண்டு இலட்சம் டொலரோடு குதித்த 'டி.பி. கூப்பர்' வீரனா என்று ஒரு கிளைச் சண்டை. வீரனாக இருக்கட்டும், பாராசூட் தெரிந்தவனா? கொடுத்தவற்றில் ஒரு ரிசர்வ் வகுப்பறைப் பயிற்சிக்கானது, தைத்து மூடப்பட்டது. அது விமானத்தில் மிஞ்சவில்லை. இரவு, மழை, கீழே காடு. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டோம்.

மரண தண்டனை பேச்சு அப்படி முடியவில்லை. இலங்கையில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1976-இல். 2019-இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட அப்போதைய ஜனாதிபதி கையெழுத்திட்டார், உயர் நீதிமன்றம் தடுத்தது. இளையவர்கள் தண்டனை வேண்டும் என்கிறார்கள், ஐஸ் என்கிற போதைப்பொருள் தோட்டங்களுக்குள் வந்துவிட்ட கோபம் அதில் இருக்கிறது. கோபம் நியாயம். பிடிபடுகிறவன் பெட்டி தூக்கியவனா, பெட்டிக்குச் சொந்தக்காரனா என்று கேட்டால்தான் அமைதி வருகிறது.

ஜூலை 29, செவ்வாய்

இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான நாள், 1987. அதனால் பேச்சு 'பூமாலை' என்கிற இந்திய விமான நடவடிக்கைக்குப் போனது.

1987 ஜூன் 3-இல் இந்தியாவின் நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாள் இந்தியாவின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், காவலுக்கு மிராஜ் 2000, யாழ்ப்பாணத்தின் மேல் பாராசூட்டில் சுமார் 25 தொன் பொருட்களைப் போட்டன. சரியா தவறா என்று நாற்பது வருடமாக நடக்கிற சண்டைக்குள் போகுமுன் பாராசூட்காரர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 1981 குடிசனமதிப்பில் யாழ் மாவட்டத்தில் எட்டு இலட்சத்துக்கு மேல் சனம். 25,000 கிலோவை எட்டு இலட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு 30 கிராம் சொச்சம். ஒரு பிடி அரிசி. இரண்டரை லொறி ஏற்றுகிற பாரம். வயிற்றுக்காகப் போட்டது அல்ல அது. வானம் யாருடையது என்று கொழும்புக்குச் சொல்லப் போட்டது.

இது கேலி இல்லை. வானிலிருந்து போடும் உதவி எப்போதுமே இப்படித்தான்: விலை அதிகம், பாரம் குறைவு, யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது, பாராசூட் திறக்காத பெட்டி குண்டு மாதிரி விழும். 2024 மார்ச்சில் காசாவில் அப்படி விழுந்து ஆட்கள் இறந்தார்கள். சாலை திறந்தால் இதில் எதுவும் தேவையில்லை, சாலையைத் திறக்க வைக்கிற அழுத்தமாகத்தான் இதை எடைபோட வேண்டும்.

படையாட்களை இறக்குவது வேறு கணக்கு. 1987 ஒக்டோபர் 11-12 இரவு யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்ட இந்திய இராணுவத்தின் சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பது பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். இறங்கும் இடம் எதிராளியான புலிகளுக்கு முன்பே தெரியும். சூட்டில் ஹெலிகள் அடிபட்டதால் அடுத்த ஆட்கள் வரவே இல்லை. 1944-இல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் பிரிட்டிஷ் பாராசூட் படையைப் பாலத்திலிருந்து எட்டு மைல் வரை தள்ளி இறக்கிவிட்டுப் பாலத்தைப் பிடிக்கச் சொன்ன கதையும் இதே சாதி. முதல் சுற்றில் எத்தனை பேர், இரண்டாம் சுற்று எத்தனை நிமிடத்தில், இலக்கு எவ்வளவு தூரம்? இந்த மூன்றையும் கேட்காமல் 'தலையிடலாமா' என்று மட்டும் பேசுகிறவர்கள் தொலைக்காட்சிக்குப் போகட்டும்.

மண்டபத்தில் ஒரு அக்கா கடைசியில் கேட்டதுதான் என்னை எழுத வைத்தது. "வடக்குக்கு அரிசி போட்டாங்க, சரி. நமக்கு 1964-ல என்ன போட்டாங்க?" மலையகத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். லயத்தில் இருந்த ஒருவரையும் கேட்கவில்லை. ஒரு விமானமும் எல்லை தாண்டவில்லை, ஒரு குண்டும் வெடிக்கவில்லை, இரண்டு அரசுகளின் பேனா போதுமாக இருந்தது. வெளித்தலையீடு என்றால் சிப்பாய் இறங்குவது மட்டும் என்று வரையறுத்துக்கொண்டு வந்தவர்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மெயின் திறக்கும் உயரம் பற்றி உடன்பாடு. யூஎஸ்பிஏயின் முதல் படியான ஏ உரிமம் உள்ளவருக்குக் குறைந்தபட்சம் 3,000 அடி, பி முதல் 2,500. கட்அவே செய்வதா என்று முடிவெடுக்கும் உயரம் ஏ-க்கு 2,500, மற்றவர்களுக்கு 1,800. இங்கே மலைக்காற்றுக்கும் இறங்க இடம் குறைவு என்பதற்கும் எல்லாருக்கும் ஆயிரம் அடி கூட்டி வைப்போம். அனுபவசாலிகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் பக்கத்தில் இருப்பதால் நீரில் இறங்கும் பழக்கமும் வேண்டும். நீர் ஒரு மைலுக்குள் இருந்தால் மிதவை கட்டுவது நல்லது. வரிசை: முதலில், மெயின் கழன்றதும் ரிசர்வைத் தானாகத் திறக்கும் ஆர்எஸ்எல் பட்டியின் கொக்கியைக் கழற்று, இல்லாவிட்டால் நீருக்குள் கட்அவே செய்யும்போது ரிசர்வும் வெளியே வரும். மார்புப் பட்டியைத் தளர்த்து. காற்றுக்கு எதிராகத் திரும்பி, தரையில் போலவே ஃப்ளேர் இழு. கால் நனைந்த பிறகுதான் கால்பட்டி. நீருக்கு மேலே இருக்கும்போதே கட்அவே செய்யாதே, அலையற்ற நீரில் ஐம்பது அடியும் ஐந்து அடியாகத் தெரியும். துணி மேலே கவிந்தால் ஒரே தையல்கோட்டைப் பிடித்து ஓரம் வரை கைமாற்றிக்கொண்டே வெளியே வா.

நனைந்த நைலோனை வெயிலில் போட வேண்டாம், புற ஊதாக்கதிர் நூலைத் தின்னும். ஹட்டன் ஈரத்தில் நிழலிலும் இரண்டு நாள் எடுக்கும், மின்விசிறி வைக்கலாம், ஹீட்டர் கூடாது. மடிக்கும்போது, மெயினை வெளியே இழுக்கும் பைலட் சூட் என்கிற சிறு பாராசூட்டை விரியத் தயாராக்கும் கில் லைன் கயிறு இழுத்திருக்கிறதா என்று, அதைப் பையோடு இணைக்கும் பட்டியின் சன்னலில் நிறம் பார்ப்பதை இன்று மூன்று பேர் விட்டுவிட்டார்கள். அது இழுபடாமல் போனால் பைலட் சூட் காற்றில் வெறும் துணியாக ஆடும், மெயின் பை திறக்காது. அடுத்த சனி அதிலிருந்து தொடங்குகிறோம்.